பெயர் பெற்ற கார்களும் பெயர் கெட்ட கார்களும்

2023 ஜனவரியில் மாருதி சுசூகி 17,362 கார்களைத் திரும்ப அழைத்தது. ஏர்பேக்கை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவியில் குறை இருக்கலாம், விபத்து நேரத்தில் ஏர்பேக் விரியாமல் போகலாம் என்பது காரணம். பலேனோ, பிரெஸ்ஸா, கிராண்ட் விட்டாரா, ஆல்டோ கே10 எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. அதே மாதத்தில் டொயோட்டாவும் 1,390 கார்களைத் திரும்ப அழைத்தது. அவை கிளான்சாவும் ஹைரைடரும். குறையும் அதே கருவியில்தான். பலேனோவுக்கும் கிளான்சாவுக்கும் வேறுபாடு முகப்பில் பொருத்திய சின்னத்திலும் சில அலங்காரங்களிலும் இருக்கிறதே தவிர, உள்ளே இரண்டும் ஒரே கார். இரண்டையும் செய்வது குஜராத்தில் ஹன்சல்பூரில் உள்ள சுசூகி தொழிற்சாலை.

என் சித்தப்பா 2019-ல் கிளான்சா வாங்கினார். “டொயோட்டா எஞ்சின் தம்பி, பத்து வருடத்துக்கு பானெட்டைத் திறக்க வேண்டாம்” என்றார். அது சுசூகியின் எஞ்சின் என்று நான் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தக் கார் இன்றுவரை அவருக்கு ஒரு தொந்தரவும் தரவில்லை. அந்த நல்ல பெயர் முழுவதையும் டொயோட்டாவின் கணக்கில் எழுதிவிட்டார். பக்கத்து வீட்டில் பலேனோ வைத்திருப்பவருக்கும் தொந்தரவு இல்லை. ஆனால் “மாருதிதானே, தகரம்” என்ற பேச்சு அவருடைய காரை விட்டபாடில்லை. ஒன்றை மட்டும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். அந்தச் சமயத்தில் கிளான்சாவுக்கு 3 ஆண்டு அல்லது 1 லட்சம் கிலோமீட்டர் உத்தரவாதம் இருந்தது; பலேனோவுக்கு 2 ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டர். சித்தப்பா கொடுத்த பணத்துக்குக் கையில் பிடிக்கும்படி ஒன்று கிடைத்தது. அது எஞ்சின் இல்லை, உத்தரவாதத் தாள். 2024 ஜூலையில் மாருதியும் தன் உத்தரவாதத்தை அதே அளவுக்கு உயர்த்திவிட்டது.

ஒரே கார் இரண்டு பெயரில் விற்பனையாவது புதிதல்ல. இதற்கு மிகத் தெளிவான சான்று கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட் நகரில் இருந்த தொழிற்சாலை. ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய காலத்தில் வேலைநிறுத்தத்துக்கும், வேலைக்கு வராத தொழிலாளர்களுக்கும், தரக்குறைவான கார்களுக்கும் அது பேர்போனது. 1982-ல் மூடிவிட்டார்கள். 1984-ல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக அதைத் திறந்தன. வேலைக்கு எடுத்தவர்களில் பெரும்பகுதியினர் பழைய தொழிலாளர்களே, பழைய தொழிற்சங்கமும் தொடர்ந்தது. வேலை செய்யும் முறையை மட்டும் டொயோட்டா கற்றுக்கொடுத்தது. குறை கண்டால் எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து உற்பத்தி வரிசையையே நிறுத்தலாம். முன்பெல்லாம் வரிசையை நிறுத்துவது பாவம்; குறையுள்ள காரைக் கடைசிவரை ஓடவிட்டு, முற்றத்தில் நிறுத்திப் பிறகு சரிசெய்வார்கள்.

அந்த வரிசையிலிருந்து டொயோட்டா கொரோலாவும் வந்தது. ஜியோ பிரிஸம் என்ற பெயரில் ஜெனரல் மோட்டார்ஸ் விற்ற அதன் இரட்டைப் பிறவியும் வந்தது. எஞ்சின், கியர்பாக்ஸ், இரும்பை வெல்டு செய்த கைகள், எல்லாம் ஒன்றே. ஆனாலும் கொரோலா கூடுதலாக விற்றது. பழைய கார் சந்தையில் பிரிஸத்தின் விலை வேகமாக இறங்கியது, கொரோலாவின் விலை தாக்குப்பிடித்தது. விவரம் தெரிந்த அமெரிக்கர்கள் பிரிஸத்தைத் தேடிப் பிடித்துக் குறைந்த விலையில் கொரோலாவை ஓட்டினார்கள். அந்தக் கூட்டு நிறுவனம் 2010 ஏப்ரலில் மூடப்பட்டது. இன்று அதே கட்டடத்தில் டெஸ்லா கார்கள் தயாராகின்றன.

ஃப்ரீமான்ட் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது பிரிஸத்தின் விலை மட்டும் இல்லை. அதே ஊர், அதே ஆட்கள், இரண்டு வருட இடைவெளியில் மட்டமான காரையும் செய்தார்கள், அருமையான காரையும் செய்தார்கள். ஆகவே ‘ஜப்பான்காரன் செய்தால் உழைக்கும், அமெரிக்கன் செய்தால் உழைக்காது’ என்ற பேச்சு அங்கேயே அடிபட்டுப் போகிறது. நம்பகத்தன்மை சின்னத்திலோ தேசத்திலோ ஒட்டிக்கொண்டிருக்கும் குணமே இல்லை. குறிப்பிட்ட எஞ்சினில், குறிப்பிட்ட கியர்பாக்ஸில், குறிப்பிட்ட ஆண்டில், குறிப்பிட்ட ஆலையின் வேலைமுறையில் அது இருக்கிறது அல்லது இல்லாமல் போகிறது. நாம் கேட்கும் கேள்வியோ “எந்தக் கம்பெனி நல்ல கம்பெனி?” என்பது. கேள்வியே தவறு என்பதால் பதிலும் பாதிதான் உதவுகிறது.

டொயோட்டாவும் பிறக்கும்போதே பெயரோடு பிறக்கவில்லை. 1957-ல் அது அமெரிக்காவுக்கு முதலில் அனுப்பிய கிரவுன் கார், ஜப்பானின் கரடுமுரடான சாலைகளுக்காகச் செய்தது. கலிஃபோர்னியாவின் அதிவேக நெடுஞ்சாலையில் ஏறியதும் மூச்சு வாங்கியது, சூடேறியது. 1960-ல் அந்த ஏற்றுமதியை நிறுத்தவேண்டி வந்தது. அதிலிருந்து மேலே வர அந்த நிறுவனம் எடுத்த வழியில் நிதானம் இருந்தது. எஞ்சினை மாற்ற அவசரப்படாது. நன்றாக ஓடும் ஒன்றைப் பத்து, பதினைந்து வருடம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொண்டே வைத்திருக்கும். நம் ஊரில் 2005-ல் வந்த இன்னோவா, கிரிஸ்டா வரும் 2016 வரை ஒரே 2.5 லிட்டர் டீசல் எஞ்சினோடுதான் ஓடியது. மதுரைக்கும் சென்னைக்கும் நடுவே டூரிஸ்ட் டாக்ஸியாக ஓடிய இன்னோவாக்கள் மூன்று லட்சம், நான்கு லட்சம் கிலோமீட்டர் காட்டுவது அந்த நிதானத்தின் பலன்.

டாக்ஸிக் கணக்கில் இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கிறது. நெடுஞ்சாலையில் ஐந்தாவது கியரில் ஓடும் நூறு கிலோமீட்டரும், நகரத்து நெரிசலில் கிளட்சை மிதித்து மிதித்து ஓடும் நூறு கிலோமீட்டரும் ஒன்றல்ல. டாக்ஸி எஞ்சின் குளிர்வதற்கே நேரம் இருக்காது. எண்ணெயும் நேரத்துக்கு மாறிவிடும், ஏனென்றால் வண்டி நின்றால் அன்றைய வருமானம் நின்றுவிடும். தினமும் மூன்று கிலோமீட்டர் தூரப் பள்ளிக்குப் பிள்ளையை விட்டுவிட்டுத் திரும்பும் கார்தான் எஞ்சினுக்கு உண்மையான கொடுமை. அது முழுதாகச் சூடாகும் முன்பே அணைந்துவிடுகிறது.

நிதானம் தவறினால் என்ன ஆகும் என்பதையும் டொயோட்டாவே காட்டியது. அமெரிக்காவில் அது விற்கும் பெரிய பிக்கப் வண்டியான டண்ட்ராவில் பல வருடமாக 5.7 லிட்டர் வி8 எஞ்சின் இருந்தது. பெட்ரோலைக் குடிக்கும், ஆனால் சாகாது என்று பெயர். 2022 மாடலில் அதை எடுத்துவிட்டு, இரட்டை டர்போ வைத்த 3.4 லிட்டர் வி6 எஞ்சினைப் போட்டார்கள். 2024 மே மாதம் சுமார் 1,02,000 வண்டிகளைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. எஞ்சினைக் கடைந்தபோது உதிர்ந்த உலோகத் துகள்கள் முழுதாகத் துடைக்கப்படாமல் உள்ளேயே தங்கிவிட்டன.

இந்தத் துகள் என்ன செய்யும் என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். கிராங்க் ஷாஃப்ட் சுழலும் இடத்தில் பேரிங் என்று நாம் சொல்வது குண்டு வைத்த பேரிங் இல்லை. அரை வட்டமாக வளைத்த இரண்டு மெல்லிய தகடுகள். பட்டறையில் ஷெல் பேரிங் என்பார்கள். தகட்டுக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு தலைமுடியின் தடிமன்கூட இருக்காது. அந்த இடைவெளியை எண்ணெய்ப் படலம் நிரப்பியிருக்கும்வரை இரும்பு இரும்பைத் தொடாது. ஷாஃப்ட் எண்ணெயில் மிதந்தபடி சுழலும். எண்ணெய் வரும் துளையில் ஒரு துகள் மாட்டினாலோ, படலத்துக்குள் புகுந்து தகட்டைக் கீறினாலோ, அந்த இடம் காயும். முதலில் எஞ்சின் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது மெல்ல ‘டக் டக்’ என்று அடிக்கும். பாட்டுச் சத்தத்தில் அது கேட்காது. பிறகு தகடு உருகி ஷாஃப்ட்டோடு ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் சீஸ் ஆகிவிட்டது என்று மெக்கானிக் சொல்வது இதைத்தான். நெடுஞ்சாலையில் லாரிக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கும்போது இது நடந்தால் அது வெறும் ரிப்பேர் செலவோடு முடியாது.

இதே துகள் கதை அதற்கு ஏறக்குறைய ஒன்பது வருடத்துக்கு முன்பே இன்னொரு கம்பெனியில் நடந்தது. 2015 செப்டம்பரில் ஹூண்டாய் அமெரிக்காவில் 2011, 2012 மாடல் சொனாட்டா கார்களைத் திரும்ப அழைத்தது. அலபாமா ஆலையில் செய்த தீட்டா-2 எஞ்சினின் கிராங்க் ஷாஃப்ட் எண்ணெய்த் துளைகளில் கடைசல் துகள்கள் தங்கியிருந்தன. விளைவும் அதுவே. டண்ட்ராவைக் கேள்விப்பட்டவர்கள் “டொயோட்டாவுக்கே இப்படியா?” என்றார்கள். சொனாட்டாவைக் கேள்விப்பட்டவர்கள் “கொரியாக்காரன் வண்டிதானே” என்றார்கள். ஒரே குறை ஒரு கம்பெனிக்கு விபத்தாகவும் மற்றதற்குச் சுபாவமாகவும் போய்ச் சேர்ந்தது.

அதற்காக இரண்டும் சமம் என்று சொல்ல மாட்டேன். ஹூண்டாயும் அதன் குழுமத்தைச் சேர்ந்த கியாவும் சிக்கிய விவகாரம் அளவில் பல மடங்கு பெரியது. ஒரு முறை அழைத்ததோடு நிற்காமல் எண்ணிக்கை லட்சங்களில் கூடிக்கொண்டே போனது. குறையைத் தாமதமாகத் தெரிவித்ததற்காக 2020 நவம்பரில் இரு நிறுவனங்களும் சேர்ந்து அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்போடு 21 கோடி டாலர் அளவுக்கு உடன்பாடு செய்துகொள்ள வேண்டியிருந்தது. உள்ளே இருந்து உண்மையை வெளியே சொன்ன முன்னாள் பொறியாளருக்கு 2021-ல் 2.4 கோடி டாலருக்கு மேல் வெகுமதி கிடைத்தது. டொயோட்டா திரும்ப அழைத்த டண்ட்ராக்களில் எஞ்சினையே மாற்றித் தர முன்வந்தது. குறை எல்லோரிடமும் வரும். அதை எவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்கிறார்கள் என்பதில் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் உண்டு, அந்த அளவுக்குப் பெயரைப் பார்ப்பதில் அர்த்தமும் உண்டு.

ஆனால் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் செய்யும் ஐ10, ஐ20 கார்களுக்கும் அந்த எஞ்சினுக்கும் தொடர்பே இல்லை. 1998-ல் சான்ட்ரோ வந்ததிலிருந்து இங்கே அந்தக் கம்பெனி வாங்கிய பெயர், சின்ன எஞ்சின்களால் வாங்கிய பெயர். அமெரிக்காவில் ஒருவர் எழுதிய குமுறலைப் படித்துவிட்டு இங்கே ஐ20 வாங்கத் தயங்குபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அங்கே உள்ள உண்மை வேறு காருடையது.

பெயர் எப்படி உருவாகிறது என்று பார்க்க வேண்டுமானால் ஒரு பட்டறையில் ஒரு நாள் உட்கார வேண்டும். இந்தியாவில் விற்கும் பத்துக் கார்களில் ஏறக்குறைய நான்கு மாருதி. ஆகவே மெக்கானிக்கிடம் வரும் வண்டிகளிலும் அதிகம் மாருதிதான். அதை வைத்து ‘மாருதி அதிகம் ரிப்பேர் ஆகிறது’ என்று அவர் நினைப்பதில்லை; ‘மாருதி சுலபம்’ என்று நினைக்கிறார். கண்ணை மூடிக்கொண்டே கழற்றுவார். ஸ்பேர் தெருமுனைக் கடையில் கிடைக்கும், மாலையில் வண்டி வீட்டுக்குப் போய்விடும். வருடத்துக்கு இரண்டு முறை ஒரு ஐரோப்பிய கார் வரும். அதன் குறையைச் சொல்லும் ஸ்கேனர் அவரிடம் இருக்காது. ஸ்பேருக்குச் சென்னைக்கு ஆர்டர் போட வேண்டும், பத்து நாள் ஆகும், பில் மூன்று மடங்கு வரும். இரண்டு கார்களிலும் கெட்டது ஒரே மாதிரியான சென்சராக இருக்கலாம். ஒன்று அன்றே மறந்துபோகிறது. மற்றது கல்யாண வீட்டுப் பந்தியில் பத்துப் பேருக்குப் போய்ச் சேர்கிறது.

நம் ஊரில் ‘நல்ல வண்டி’ என்றால் மூன்று, நான்கு விஷயங்களைச் சேர்த்துச் சொல்கிறோம். அடிக்கடி கெடாது, கெட்டால் சீக்கிரம் சரியாகும், ஸ்பேர் விலை குறைவு, விற்றால் நல்ல விலை போகும். இது தவறான கணக்கு என்று நான் சொல்ல மாட்டேன். பத்து நாள் பட்டறையில் நிற்கும் கார் பத்து நாளும் நமக்கு இல்லாத கார்தான். ஆனால் கெடுவது வேறு, சரிசெய்யச் செலவாவது வேறு என்பதைப் பிரித்துப் பார்த்தால், சில கார்களைப் பற்றிய பயம் பாதியாகக் குறையும். வேறு சில கார்களின் மீதான கண்மூடித்தனமான நம்பிக்கையும் குறையும்.

ஆய்வு அமைப்புகளின் எண்களைப் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். எண்கள் உதவும், ஆனால் எதை எண்ணுகிறார்கள் என்று தெரிந்துகொண்டு படிக்க வேண்டும். அமெரிக்காவின் ஜே.டி. பவர், மூன்று வருடம் ஓட்டிய உரிமையாளர்களிடம் கேட்டு, நூறு கார்களுக்கு எத்தனை குறைகள் என்று கணக்கிடுகிறது. 2025-ல் சராசரி 202. டொயோட்டாவின் சொகுசு பிராண்டான லெக்ஸஸ் 140 என்ற எண்ணோடு முதலிடம். சாதாரண பிராண்டுகளில் முதலிடம் பிடித்தது 143 பெற்ற, ஜெனரல் மோட்டார்ஸின் பியூக். லெக்ஸஸுக்கு அடுத்த மூச்சில் பியூக்கின் பெயரைச் சொல்பவர் அமெரிக்காவிலேயே குறைவு. சரி, அந்த 202 குறைகள் என்ன? எஞ்சின் சீஸ் ஆனதும் ஒரு குறை, கைபேசி திரையோடு இணைய மறுத்ததும் ஒரு குறை. அதிகம் சொல்லப்பட்ட குறைகளில் பல கைபேசி இணைப்பையும் திரையையும் சேர்ந்தவை. நடுரோட்டில் நிறுத்திவிடும் காரையும் பாட்டு வராத காரையும் ஒரே எண் ஒரே தட்டில் வைத்துவிடுகிறது.

ஜெர்மனியில் ஏ.டி.ஏ.சி. என்ற வாகன ஓட்டிகள் சங்கம், வழியில் நின்றுபோன கார்களுக்கு உதவப் போகும் தன் ஊழியர்களின் பதிவேட்டிலிருந்து பட்டியல் போடுகிறது. உரிமையாளரின் மனப்போக்கு இதில் கலக்காது என்பதால் இதை நான் கொஞ்சம் கூடுதலாக மதிக்கிறேன். ஆனால் அதில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்ட அழைப்புகளுக்குக் காரணம் சாதாரண 12 வோல்ட் பேட்டரி. பேட்டரியைக் கார் கம்பெனி செய்வதுகூட இல்லை. அங்கே உள்ள இன்னொரு பட்டியல் கட்டாயத் தகுதிச் சோதனையில் கிடைக்கும் விவரங்களைக் கொண்டது. விளக்கு, பிரேக், சஸ்பென்ஷன் தேய்மானம் அதில் தெரியும், கியர்பாக்ஸின் ஆயுள் தெரியாது. விலை குறைந்த கார்கள் அதில் பின்தங்குவதற்கு ஒரு காரணம், அவற்றை வாங்குபவர்கள் பராமரிப்புக்கும் குறைவாகவே செலவிடுவது.

அமெரிக்க நுகர்வோர் இதழான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 2007-ல் செய்ததை இங்கே நினைவுகூர வேண்டும். அதுவரை டொயோட்டாவின் புது மாடல் எது வந்தாலும், தகவல் வரும் முன்பே ‘இது உழைக்கும்’ என்று பரிந்துரைத்து வந்தது அந்த இதழ். அந்த வருடம் கேம்ரியின் வி6, டண்ட்ராவின் ஒரு வகை, லெக்ஸஸ் ஜி.எஸ். ஆகியவை சராசரிக்குக் கீழே இறங்கியதும், இனி டொயோட்டாவுக்கும் தனிச் சலுகை கிடையாது, மாடல் வாரியாகத் தகவல் வந்த பிறகே பரிந்துரை என்று அறிவித்தது. பெயரைப் பார்த்து மதிப்பெண் போட்டுவந்த ஒரு நிறுவனம் தன் வழக்கத்தைத் தானே வெளிப்படையாகத் திருத்திக்கொண்டது. எனக்கு அதன் மேல் மரியாதை கூடியது.

பெயர் எவ்வளவு தாமதமாக மாறுகிறது என்பதற்கு ஜாகுவாரை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1970-களில் பிரிட்டிஷ் லேலண்ட் நிறுவனம் நடத்திய காலத்து மின் கோளாறுகளால் கெட்ட பெயர் அது. 2009-ல் ஜே.டி. பவரின் நீடித்த உழைப்புக்கான ஆய்வில் ஜாகுவாரும் பியூக்கும் 122 என்ற எண்ணோடு சேர்ந்து முதலிடம் பெற்றன. லெக்ஸஸ் அவற்றுக்குப் பின்னால் வந்தது. டாடா ஜாகுவாரை வாங்கி ஒரு வருடம்கூட முழுதாக ஆகியிருக்கவில்லை. ஆய்வு செய்தது 2006 மாடல் கார்களை, ஆகவே பெருமை ஃபோர்டு நடத்திய காலத்துக்கு உரியது. முப்பது வருடத்துக்கு முந்தைய பெயரை வைத்து ஒதுக்கியவர்கள் அந்த வருடத்தின் மிக நல்ல கார்களில் ஒன்றை ஒதுக்கினார்கள்.

ஹூண்டாய்க்கும் அதே பாடு. 1986-ல் 4,995 டாலர் விலையில் எக்ஸெல் காரை அமெரிக்காவில் இறக்கி, முதல் வருடத்திலேயே 1,68,882 விற்றது. கார்கள் உதிர்ந்தன, பெயர் நாறியது. 1998-ல் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் 10 ஆண்டு, 1 லட்சம் மைல் உத்தரவாதம் அறிவித்தார்கள். 2004-ல் புதுக் கார்களைப் பற்றிய ஜே.டி. பவரின் தொடக்கத் தர ஆய்வில் ஹூண்டாய் பிராண்டு டொயோட்டாவையே முந்தியது. நம்பியவர் சிலரே. மக்கள் நம்பத் தொடங்கிய 2011-ம் ஆண்டுச் சொனாட்டாவில்தான் அந்தத் துகள்கள் இருந்தன. பெயர் கெட்டிருந்த காலத்தில் நல்ல கார், பெயர் வந்த காலத்தில் கோளாறான எஞ்சின். இங்கேயும் 1998 கடைசியில் வந்த முதல் இண்டிகாவின் குறைகளை 2001-ல் வந்த வி2 பெருமளவு சரிசெய்துவிட்டது. அந்த முதல் மூன்று வருடங்களின் பேச்சை உதற டாடாவுக்கு அதைப்போலப் பல மடங்கு காலம் பிடித்தது.

இன்று நாம் அதிகம் ஏமாறுவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில். ‘ஆட்டோமேட்டிக்’ என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு வகை இயந்திரங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றான, ஃபோக்ஸ்வாகனின் ஏழு கியர் டி.எஸ்.ஜி. என்ற இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸின் உலர் வகையை எடுத்துக்கொள்வோம். அதில் இரண்டு கிளட்சுகளும் எண்ணெயில் மூழ்காமல் உலர்ந்தபடி வேலை செய்கின்றன. திறந்த சாலையில் வெண்ணெய் மாதிரி கியர் மாறும். சிக்னலுக்குச் சிக்னல் ஊர்ந்து போகும்போது கிளட்ச் பாதி பிடித்தும் பாதி வழுக்கியும் நிற்கிறது. வழுக்கும்போது சூடு, சூட்டில் தேய்மானம். 2013 மார்ச்சில் சீனாவில் மட்டும் 3,84,181 கார்களை இந்தக் கியர்பாக்ஸுக்காகத் திரும்ப அழைத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் உலகெங்கும் 16 லட்சம் கார்களில் கியர் எண்ணெயை மாற்றப்போவதாக அறிவித்தார்கள். வெப்பமும் ஈரப்பதமும் கூடிய ஊர்களில், நின்று நின்று ஓட்டும்போது, அந்தச் செயற்கை எண்ணெய் மின் கோளாறு உண்டாக்கக்கூடும் என்பது காரணம். சென்னையின் மே மாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான வர்ணனை கிடையாது.

இதைக் கேட்டுவிட்டு ‘ஃபோக்ஸ்வாகன் கியர்பாக்ஸ் போய்விடும்’ என்று கையால் கியர் போடும் போலோ வாங்கப் போனவரையும் பயமுறுத்தி அனுப்பினார்கள். அவர் வாங்கவிருந்த காரில் அந்தக் கியர்பாக்ஸே இல்லை. 2021-ல் வந்த டைகுன் காரில் 1 லிட்டர் எஞ்சினோடு வந்த ஆட்டோமேட்டிக், எஞ்சினின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கடத்தும், பழைய நம்பகமான டார்க் கன்வர்ட்டர் வகை; 1.5 லிட்டர் எஞ்சினோடு வந்தது உலர் கிளட்ச் டி.எஸ்.ஜி. ஒரே ஷோரூம், ஒரே மாடல், ஒரே சின்னம். தினமும் தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு நெரிசலில் போய்வரும் ஒருவருக்கு இந்த இரண்டில் எதை வாங்குவது என்பது, எந்தக் கம்பெனி வாங்குவது என்பதைவிடப் பெரிய கேள்வி. எஞ்சின் எந்தக் குடும்பம், எத்தனை வருடமாக வருகிறது, கியர்பாக்ஸ் எந்த வகை, புது மாடலின் முதல் வருடமா என்ற நான்கையும் கேட்டுக்கொண்டு ஷோரூமுக்குப் போகிறவர்களைக் காண்பது அரிது. விற்பனையாளரும் திரையின் அங்குலத்தைத்தான் முதலில் சொல்கிறார்.

பழைய கார் வாங்கும்போது கம்பெனிப் பெயர் இன்னும் குறைவாகவே உதவும். சில வருடங்களுக்கு முன் நான் ஒரு பழைய கார் பார்க்கப் போனேன். மிக நல்ல பெயருள்ள கம்பெனி, ஓடோமீட்டரில் 48,000 கிலோமீட்டர், பெயின்ட் பளபளவென்று இருந்தது. முன்பணம் கொடுக்கும் அவசரத்தில் இருந்தேன். உறையூரில் எனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டிவிடலாம் என்று கொண்டுபோனேன். அவர் காரைச் சுற்றிக்கூட வரவில்லை. பானெட்டைத் தூக்கி, எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைத் திருகி எடுத்து, கவிழ்த்து என்னிடம் நீட்டினார். மூடியின் உட்புறம் தார் மாதிரி கறுத்த களிம்பு அப்பியிருந்தது. எண்ணெய் அளக்கும் கம்பியான டிப் ஸ்டிக்கை உருவி பனியன் வேஸ்ட்டில் துடைத்தார்; துணியில் விழுந்த கோட்டில் எண்ணெயின் நிறமே இல்லை. “மூன்று ஃப்ரீ சர்வீஸுக்குப் பிறகு இதற்கு யாரும் ஆயில் மாற்றவில்லை சார்” என்றார். விற்பவரிடம் கேட்டபோது அதற்குப் பிறகான பில் ஒன்றுகூட இல்லை.

அதே பட்டறையில் பக்கத்தில் நின்றது, எல்லோரும் ‘வேண்டாம்’ என்று சொல்லும் ஒரு கம்பெனியின் கார். 1,60,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. அதன் உரிமையாளர் முதல் நாளிலிருந்து எல்லா பில்லையும் ஒரு ஃபைலில் கோத்து வைத்திருந்தார். மெக்கானிக் அதன் மூடியையும் திருகிக் காட்டினார். உள்ளே அலுமினியம் தேன் நிறத்தில் தெரிந்தது.

நான் பார்க்கப்போன காரை வாங்கவில்லை. அதற்குப் பிறகு வேறொரு காரை வாங்கும் முன், பில்களோடு இன்னொன்றையும் செய்தேன். அந்தக் கம்பெனியின் இணையதளத்தில் சேசிஸ் எண்ணைப் போட்டு, செய்யாமல் விட்ட ரீகால் வேலை, அதாவது கம்பெனி திரும்ப அழைத்துச் சரிசெய்ய வேண்டிய வேலை ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று பார்த்தேன். இந்தியாவில் கம்பெனிகள் தாமாக முன்வந்து கார்களைத் திரும்ப அழைக்கும் முறை 2012-ல் ஒழுங்குக்கு வந்தது. 2021 ஏப்ரலிலிருந்து, புகார்கள் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் அரசே கட்டாயப்படுத்தலாம் என்ற விதி நடைமுறையில் இருக்கிறது. ரீகால் வேலைக்கு நாம் பணம் கட்ட வேண்டியதில்லை, கார் கைமாறியிருந்தாலும் செய்து தர வேண்டும். முதல் உரிமையாளருக்குப் போன கடிதம் இரண்டாவது உரிமையாளருக்கு வருவதில்லை என்பதால் பலர் இதை அறியாமலே ஓட்டுகிறார்கள். சேசிஸ் எண் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிறது. முன்பணம் கொடுக்கும் முன் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.